ஏணையில் தூங்கிய எலிகள்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையை மற்றவர்கள் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று ஊர் ஊராகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பச்சமுத்து அதைக் கழிப்பறை கழிப்பறையாகப் பிரித்து வைத்திருந்தான். செம்மங்குப்பத்தில் ஒரு வாட்ச்மேன் இரக்கமுள்ளவர்; முகத்தைப் பார்த்ததுமே பூட்டைத் திறந்துவிடுவார். ஆலப்பாக்கத்து டீக்கடைக்காரர் இரண்டு வடை வாங்கினால்தான் பின்கட்டுச் சாவியைத் தருவார். அந்த வடையைத் தின்றால் பி.முட்லூரில் மறுபடி இறங்க வேண்டியிருக்கும் என்பதால் பச்சமுத்து அதைப் பக்கத்து சீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடுவான். மூன்று வருஷத்தில் அவன் கையால் வடை தின்னாத ஆள் அந்த வழித்தடத்தில் இல்லை. யாரோ பெரிய வீட்டுப் பிள்ளை, வேண்டுதலுக்காகத் தானம் செய்கிறான் என்று புதுச்சத்திரம் வரை பேசிக்கொண்டார்கள். ஒரு கண்டக்டர் அவனிடம் ஆசீர்வாதம்கூட வாங்கினார் என்பார்கள். வாங்கியிருக்கலாம்.

பச்சமுத்து பெரிய வீட்டுப் பிள்ளை இல்லை. சோனாங்குப்பத்து மீன்பிடிக் குடும்பம். 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்து திரும்பியபோது, அவனும் மைத்துனன் பாண்டியனும் பங்கு போட்டு வாங்கிய ஃபைபர் படகையும் கூடவே கொண்டு போயிற்று. வீட்டில் உயிர்ச்சேதம் இல்லை. நிவாரணத்தில் வந்த புதுப் படகைப் பாண்டியன் எடுத்துக்கொண்டான். பச்சமுத்துவின் மனைவி குப்பு, மீன் கூடையைத் தலையிலிருந்து இறக்கி வைத்தபடியே தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்.

"நீ கரையில எதுனா வேல பாருய்யா. சம்பளம் கம்மின்னாலும் பரவால்ல. நிரந்தரமா இருக்கணும்."

கடலைவிட நிரந்தரமாக ஒன்று இருக்கிறதா என்று அவன் கேட்கவில்லை. குப்புவிடம் பேசும்போது பாதியை விழுங்கிவிடுவது அவன் பழக்கம்.

சிதம்பரத்தில் ஒரு மருத்துவ ஆராய்ச்சிக்கூடத்தில் வெள்ளை எலிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். தற்காலிக வேலைதான், ஆறே மாதத்தில் நிரந்தரமாகிவிடும் என்றார் அலுவலக எழுத்தர் கலியமூர்த்தி. 2005-இல் அவர் சொன்ன அந்த ஆறு மாதம் 2009-இலும் நடந்துகொண்டிருந்தது. ஃபைல் மேலே போகும். ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு கீழே வரும். பதிலைச் சுமந்துகொண்டு மறுபடி மேலே போகும். அது நகரும்போதெல்லாம் பச்சமுத்துவின் குடலும் நகர்ந்தது. முதலில் வெறும் வயிற்றுப்போக்கு, அப்புறம் சளி. 2006 முடிவதற்குள் ரத்தம்.

யாரிடமும் சொல்ல முடியாது. நிரந்தரமாக வேண்டுமென்றால் 'நாள்பட்ட நோய் எதுவும் இல்லை' என்று உடல்தகுதிச் சான்று வேண்டும். ஆகவே, திரும்பிய பக்கமெல்லாம் டாக்டர்கள் நடமாடுகிற கட்டிடத்தில், ஒரு நாளைக்கு ஏழு தடவை கழிப்பறைக்கு ஓடியபடி, அவன் பூரண ஆரோக்கியமாக இருந்தான்.

வைத்தியம் பார்க்காமலும் இல்லை. மஞ்சக்குப்பத்தில் ஒரு டாக்டரிடம் போனான். பெயர் கேட்டபோது வாயில் வந்தது 'பாண்டியன்'. குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலில் அழற்சி, ஆங்காங்கே புண் என்று பாண்டியன் பெயரில் ஒரு கட்டுக் காகிதம் சேர்ந்தது. ஒருநாள் வீட்டுக்கு வந்த பாண்டியன் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டான்.

"மாமா, இதுல எம்பேரு போட்டுருக்குது. எனக்கு இன்னா நோவு?"

"கொடல்ல புண்ணு மச்சான்."

"எப்பலேருந்து?"

"ரெண்டு வருசமா."

"காரம் திங்கலாமா?"

"கூடாதுன்னுட்டாரு."

நடுவில் தட்டிலிருந்த இறால் வறுவலைப் பாண்டியன் பார்த்தான். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "பேருதான் என்னுது. கொடலு உன்னுது. நீ திங்காத."

இந்த நிலையில்தான் 2009 தொடக்கத்தில் ப்ரீத்தி வந்து சேர்ந்தாள். முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிற பெண். அவளுக்கு வழிகாட்டி பேராசிரியர் தட்சிணாமூர்த்தி, குடல்நோய் நிபுணர். அவர் மூன்றாம் மாடியில் இருமினால் கீழே சைக்கிள் ஸ்டாண்டில் சைக்கிள்கள் சாயும். ப்ரீத்தி எடுத்துக்கொண்ட தலைப்பு, மனக்கவலை எப்படிக் குடலைப் புண்ணாக்குகிறது என்பது. எலிகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த பச்சமுத்துவுக்கு அவளே விளக்கினாள்.

"மனசு கஷ்டப்பட்டா மூளை சும்மா இருக்காதுண்ணா. சி.ஆர்.எஃப்.னு ஒண்ண வெளிய விடும். புரதத்தோட சின்னத் துண்டு மாதிரி. அது ஒரு தகவல்னு வெச்சிக்கங்க. அந்தத் தகவல் போனதும் குடல்ல இருக்கற நரம்பு முனையெல்லாம் இன்னொரு துண்ட விடும். அதுக்குப் பேரு சப்ஸ்டன்ஸ் பி."

பச்சமுத்து சிரித்துவிட்டான். தமிழ் தெரிந்த யாரும் சிரித்திருப்பார்கள். ப்ரீத்தி கண்டுகொள்ளாமல் தொடர்ந்தாள்.

"அது போயி குடல் சுவத்துல காவலுக்கு இருக்கற செல்ல உசுப்பிவிடும். அதுங்க கையில இருக்கறதெல்லாம் அள்ளிக் கொட்டும். செவந்து, வீங்கி, சுவரே கசிய ஆரம்பிச்சிடும். ஏற்கெனவே புண்ணு இருந்தா ஜாஸ்தியாயிடும்."

"அப்ப, கவலப்பட்டா புண்ணு ஜாஸ்தியாவும்."

"ஆமா."

"புண்ணு ஜாஸ்தியானா கவல ஜாஸ்தியாவும்."

"ஆமா."

"அப்பறம்?"

"அதுக்கப்பறம் என்னன்னுதாண்ணா ஆராய்ச்சி."

அப்புறம் என்னவென்று அவனுக்கு ஆலப்பாக்கம் வரை தெரியும். விழுங்கிக்கொண்டான்.

சோதனை எளிமையானது. இருபத்து நான்கு எலிகள். எல்லாவற்றுக்கும் குடலை லேசாகப் புண்ணாக்குகிற ஒரு மருந்து தண்ணீரில் கலந்து வரும். முதல் அறையிலுள்ள பன்னிரண்டையும் தினம் இரண்டு மணி நேரம் அசைய முடியாமல் அடைத்து வைக்க வேண்டும். அதுதான் எலிக்கான கவலை. இரண்டாம் அறையிலுள்ள பன்னிரண்டுக்குக் கவலை கிடையாது. அவை சும்மா இருக்கும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. இரண்டு அறைகளிலும் தினசரி எத்தனை புழுக்கை விழுகிறது என்று பச்சமுத்து எண்ணிப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒரு மனிதனின் அனுபவமும் அவனுடைய உத்தியோகமும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது அபூர்வம்.

எலியை அடைக்கக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் வேண்டும். அதை வாங்க மூன்று கம்பெனிகளின் விலைப்புள்ளி வேண்டும். இரண்டு வந்தன. மூன்றாவது கம்பெனி கடிதத்துக்குப் பதிலே போடவில்லை. மூன்று மாதம் போயிற்று. ப்ரீத்தி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பச்சமுத்து சொன்னான்:

"அசையாம அடச்சி வெக்கணும், அவ்ளோதான மேடம்? நா பின்னித் தரேன்."

நைலான் நூலும் வலை பின்னுகிற ஊசியும் வீட்டிலேயே இருந்தன. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பன்னிரண்டு வலைப்பைகளைப் பின்னிவிட்டான். எலி உள்ளே போனால் காலை மடக்கிப் படுக்கத்தான் முடியும், திரும்ப முடியாது. ப்ரீத்தி ஒன்றை மேசைமேல் வைத்து எலியைப் போட்டுப் பார்த்தாள். பேராசிரியரிடம் காட்டினாள். அவரும் தலையாட்டினார்.

பச்சமுத்து மட்டும் எலியின் முகத்தைப் பார்த்துவிட்டான். கண் பிதுங்கி, மூக்கு நடுங்கி, எங்கேயோ அவசரமாகப் போக வேண்டியிருந்தும் போகமுடியாமல் உட்கார்ந்திருக்கிற முகம். பி.முட்லூர் தாண்டியபின் பஸ் ஜன்னல் கண்ணாடியில் அவன் தினமும் பார்க்கிற முகம்.

மறுநாள் பைகளைப் பிரித்து ஒரு வலைக் கண் தளர்த்திப் பின்னினான். அடியைக் கொஞ்சம் குழிவாக்கினான். மேசைமேல் வைத்தால் புழுக்கை பைக்குள்ளேயே நசுங்கி எண்ணிக்கை தப்புகிறது என்று காரணம் கண்டுபிடித்து, பன்னிரண்டையும் ஒரு கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டான். காரணம் உண்மையும்கூட, வலைக் கண் வழியாகக் கீழே விரித்த காகிதத்தில் அழகாக விழுந்தது. ஆனால் தொங்குகிற பையைக் கடந்து போகும்போது குப்பத்தில் வளர்ந்த கை சும்மா இருக்குமா? சேலையில் கட்டிய ஏணையில் பிள்ளை கிடந்தால், அது யார் பிள்ளையானாலும், ஒரு தட்டுத் தட்டி ஆட்டிவிட்டுப் போகிற ஊர் அது. பச்சமுத்து போகும்போது ஒரு ஆட்டு, வரும்போது ஒரு ஆட்டு ஆட்டினான். பத்தாவது நிமிஷம் பன்னிரண்டு எலிகளும் வாயைத் திறந்தபடி தூங்கின. மூன்றாம் எலி குறட்டை விட்டதாகவும், அது பொறுக்காமல் நான்காம் எலி தலையை மூடிக்கொண்டதாகவும் அவன் சத்தியம் செய்கிறான். குறட்டையை நான் நம்பவில்லை. தலையை மூடிக்கொண்டதை நம்பலாம்.

இதில் தப்பு இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை. அடைக்கச் சொன்னார்கள், அடைத்தாயிற்று. அதற்குள் எலி தூங்குவது எலியின் சொந்த விஷயம். அந்த இரண்டு மணி நேரமும் ப்ரீத்தி மாடியில் ரசாயனக் குப்பிகளோடு இருந்தாள். அவள் இறங்கி வரும்போது எலிகள் கூண்டுக்குத் திரும்பியிருக்கும்.

இரண்டாம் அறைக்குப் பக்கத்தில்தான் ஊழியர் கழிப்பறை. அதற்கு இரும்புக் கதவு. பழைய கட்டிடத்தை இடித்தபோது கொண்டுவந்து மாட்டியது. மெதுவாகச் சாத்தினால் சாத்தாது. அவசரத்தில் இருக்கிறவன் ஒரு கதவை எப்படிச் சாத்துவான் என்று விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தடவையும் சுவர் அதிர, எந்தக் கவலையும் இல்லாமல் இருக்க வேண்டிய பன்னிரண்டு எலிகளும் ஒரு முழம் எழும்பி விழுந்தன.

முதல் சுற்று முடிந்து குடலைப் பார்த்தபோது ப்ரீத்திக்குத் தலை சுற்றியது. அடைத்து வைத்த எலிகளின் குடல் பூப்போல இருந்தது. சும்மா இருந்த எலிகளின் குடல் சிவந்து வீங்கியிருந்தது. சப்ஸ்டன்ஸ் பி-யும் அங்கேதான் எகிறியிருந்தது.

"லேபிள மாத்தி ஒட்டிட்ட" என்றார் தட்சிணாமூர்த்தி. இல்லை. மறுபடி செய்தார்கள், அதே முடிவு. மூன்றாம் தடவை பேராசிரியரே லேபிள் ஒட்டினார். அதே முடிவு. அவர் இரண்டு நாள் யாரையும் திட்டாமல் இருந்தார். ஆராய்ச்சிக்கூடமே பயந்துபோயிற்று. மூன்றாம் நாள் எழுந்து நின்று அறிவித்தார்.

"அழுத்தம் குடலக் கெடுக்கல. ஆத்துது. உலகமே தப்பாப் படிச்சிக்கிட்டு இருக்கு."

"சார், எனக்கென்னவோ எங்கயோ இடிக்குது" என்றாள் ப்ரீத்தி.

"முப்பது வருஷமா எல்லாரையும் திட்டிக்கிட்டு இருக்கேன். ஒருத்தருக்காவது வயிறு கெட்டிருக்கா? பச்சமுத்துவக் கேளு. அவன நான் திட்டாத நாளில்ல. வயிறு எப்படிய்யா இருக்கு?"

"நல்லா இருக்குது சார்" என்றான் பச்சமுத்து, வாசலைப் பார்த்தபடி.

பிப்ரவரியில் சென்னையில் ஒரு மருத்துவ மாநாடு. அதில் கட்டுரை படிப்பதென்று முடிவாயிற்று. வலைப்பை பின்னிக்கொடுத்த உழைப்பாளியைப் பேராசிரியர் மறக்கவில்லை. உடனே நிரந்தரமாக்கும்படி சிபாரிசுக் கடிதம் எழுதினார். கலியமூர்த்தியே விலங்குக்கூடம் வரை இறங்கி வந்து சொன்னார்:

"ஃபைலு மேல போயிடுச்சுய்யா. பெரியவரு கையெழுத்து இருக்கு. இந்தத் தடவ கேள்வி ஒண்ணியும் வராது. உடல்தகுதிச் சான்று மட்டும் குடுத்துட்டா முடிஞ்சிச்சு."

அன்றைக்கு ஒன்பது தடவை.

வியாழக்கிழமைகளில் பேராசிரியர் புற நோயாளிகளைப் பார்ப்பார். அப்படி வருகிறவர்களில் திட்டக்குடிப் பக்கத்துக் கொளஞ்சியம்மாளும் ஒருவர். விவசாயக் குடும்பம். பச்சமுத்துவுக்கு என்ன நோயோ அதே நோய். கழிப்பறை வாசலில் ஏற்பட்ட பழக்கம். டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை அந்தம்மா முகமெல்லாம் மலர வெளியே வந்தார்.

"இன்னாம்மா சொன்னாரு டாக்டரு?"

"நல்ல மனுசன்யா. ஓய்வு கீய்வு ஒண்ணும் வேணாம்னுட்டாரு. வூட்ல சண்ட சச்சரவு உண்டான்னு கேட்டாரு. மருமவகூட தெனம் உண்டுன்னேன். இருக்கட்டும், கொஞ்சம் பிக்கல் பிடுங்கல் இருக்கறது கொடலுக்கு நல்லதுதான்னுட்டாரு."

"மாத்திரை?"

"பாதியாக் கொறச்சிட்டாரு. அந்த மாத்திரையே எனக்குப் புடிக்காதுய்யா, வாயெல்லாம் கசக்கும். இது புடிச்சிருக்குது."

ஒரு மாதம் கழித்து, 2010 ஜனவரியில், கொளஞ்சியம்மாளை மகன் சபாபதி தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். உதடு வெளுத்துப் போயிருந்தது. பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அவன் பச்சமுத்துவிடம் புலம்பினான்.

"பத்து தடவ போவுதுண்ணே. பூரா ரத்தம். எந்திரிக்க முடியல. ஆனா சண்டைய மட்டும் வுட மாட்டேங்குது. டாக்டரு சொன்ன மருந்துங்குது. எம்பொண்டாட்டி அவ அம்மா வூட்டுக்குப் போயிட்டா."

"அவ போனதுலதான்யா எனக்கு ஜாஸ்தியாயிட்டுது" என்றார் கொளஞ்சியம்மாள், மூச்சு வாங்க. "மருந்து பத்தல. பக்கத்து வூட்டுக்காரிகிட்ட ஆரம்பிக்கலாம்னு பாக்கறேன்."

பச்சமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் அறையில் ஏணைகள் வரிசையாக ஆடிக்கொண்டிருப்பது மனக்கண்ணில் தெரிந்தது. இரண்டாம் அறையின் சுவரும், இரும்புக் கதவும், அதைச் சாத்துகிற கையும் தெரிந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவனுக்கு முனைவர் பட்டம் தேவைப்படவில்லை. சொன்னால் ஃபைல் போய்விடும். சொல்லாவிட்டால் இந்தம்மா போய்விடுவார். சாயங்காலம் வீட்டு வாசலில் மத்தி செதில் சீவிக்கொண்டிருந்த குப்புவிடம் இதைச் சொன்னான்.

"அஞ்சு வருசமா காத்துக்கெடந்தது" என்றாள் குப்பு.

"ஆமா."

"இன்னும் ஒரு கையெழுத்துதான் பாக்கின்ன."

"ஆமா."

அவள் மூன்று மீனைச் சீவி முடித்தாள். "போயி சொல்லு. ஆனா பாதியச் சொல்லிட்டு பாதிய முழுங்காத. அந்த வேலயெல்லாம் எங்கிட்ட மட்டும் வெச்சிக்க."

மறுநாள் ஒரு கையில் வலைப்பையும் மறுகையில் எலியுமாகப் பேராசிரியர் அறைக்குப் போனான். ப்ரீத்தியும் அங்கே இருந்தாள். மாநாட்டுக் கட்டுரையின் கடைசிப் பக்கம் தட்டச்சாகிக்கொண்டிருந்தது. பச்சமுத்து எலியைப் பைக்குள் விட்டு, பையை மேசை விளக்கின் கழுத்தில் மாட்டி, ஒரு தட்டுத் தட்டினான். மூவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எலி இரண்டு தடவை மூக்கைச் சுழித்தது, பிறகு தூங்கிவிட்டது.

"இது என்னய்யா?" என்று தட்சிணாமூர்த்தி போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. எலி ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"இதான் சார் அந்த அடைப்பு."

"எத்தன நாளா இப்படி?"

"மொத நாள்லேருந்து சார்."

"யாரு உன்ன ஆட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். தொங்குச்சு."

ப்ரீத்தி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆனாலும் ஆராய்ச்சிக்காரி. "சரி, இதுங்க தூங்கிச்சு. அந்த ரூம் எலிங்க? அதுங்கள யாரும் தொடவே இல்லியே. அதுங்க குடல் ஏன் அப்படி இருந்துச்சு?"

இந்த இடத்தில் அவன் நிறுத்தியிருக்கலாம். ஏணை விஷயத்தோடு கட்டுரை விழுந்தாயிற்று. கொளஞ்சியம்மாளுக்கு மாத்திரை திரும்பக் கிடைத்துவிடும். திட்டு வாங்கிக்கொண்டு, ஃபைலையும் காப்பாற்றிக்கொண்டு வெளியே போகலாம். குப்பு மத்தி சீவுகிற சத்தம் காதில் கேட்டது.

"கதவு மேடம். கக்கூஸ் கதவு. நாந்தான் சாத்தறேன்."

"எத்தன தடவ?"

"ஏழு. ஃபைலு நகந்தா ஒம்போது."

தட்சிணாமூர்த்தியின் முகம் மாறியது. பேராசிரியர் எங்கோ போய் டாக்டர் வந்து உட்கார்ந்தார். "ரத்தம் போகுதா?"

"போவுது சார்."

"எவ்வளவு நாளா?"

"மூணு வருசம் சார்."

"யார்கிட்ட காட்டற?"

"மஞ்சக்குப்பத்துல சார். பாண்டியன் பேர்ல."

"அது யாரு?"

"மச்சான் சார். அவருக்கு ஒடம்பு நல்லா இருக்குது."

ப்ரீத்தி ஓடிப்போய்ப் புழுக்கைப் பதிவேட்டைக் கொண்டுவந்தாள். ஃபைல் நகர்ந்த நாட்களைக் கேட்டாள். எல்லாத் தேதியும் அவனுக்கு நினைவிருந்தது: மேலே போன திங்கள், கேள்வியோடு திரும்பிய வெள்ளி, கையெழுத்துக்குக் காத்திருந்த வாரம். அந்தந்த நாளில் இரண்டாம் அறைப் புழுக்கை ஏறக்குறைய இரட்டித்திருந்தது. ஒரு தேதிகூடத் தப்பவில்லை. கலியமூர்த்தியின் மேசையில் ஒரு காகிதம் புரண்டால், பச்சமுத்துவின் மூளை தகவல் அனுப்பி, அவன் குடல் கலங்கி, கால் ஓடி, கதவு அதிர்ந்து, எலிகளின் மூளை தகவல் அனுப்பி, பன்னிரண்டு குடல்கள் வீங்கியிருக்கின்றன. அந்தக் கட்டிடத்தில் கவலையால் குடல் புண்ணாவதற்குச் சரியான முதல் சான்று, சம்பளப் பட்டியலில் தற்காலிக ஊழியராக இருந்திருக்கிறது. யாரும் அதை எண்ணிப் பார்க்கவில்லை.

பேராசிரியர் பதிவேட்டை மூடினார். "எனக்கு ஆரம்பத்துலேயே சந்தேகம் இருந்துச்சு" என்றார், மிகவும் மெதுவாக.

சென்னைக்கு யாரும் போகவில்லை. கொளஞ்சியம்மாளை வார்டில் சேர்த்து மாத்திரையை முழு அளவுக்கு ஏற்றினார்கள். மருமகளோடு சமாதானமாக இருக்கும்படி டாக்டர் கையெழுத்திட்ட சீட்டை வாங்கிக்கொண்டு, மூன்று வாரத்தில் நடந்தே பஸ் ஏறினார். போகும்போது பச்சமுத்துவிடம் குறைப்பட்டுக்கொண்டார். "இந்த வைத்தியம் ரொம்பக் கஷ்டம்யா. பழைய மருந்துலதான் எனக்கு மனசு லேசா இருந்துச்சு."

பச்சமுத்துவின் உடல்தகுதிச் சான்றைத் தட்சிணாமூர்த்தியே எழுதினார். மூன்று தடவை தப்பாக நிரூபித்த மனிதர் நான்காவது தடவையாவது சரியாக எழுத விரும்பினார்: 'நாள்பட்ட பெருங்குடல் அழற்சி. தற்போது தகுதியில்லை.' ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குக் கலியமூர்த்தி ஃபைலைக் கட்டி அலமாரியில் போட்டார்.

"இனிமே இது நகராதுய்யா" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

ஐந்து வருஷமாக எதற்குப் பயந்தானோ அது நடந்துவிட்டது. பச்சமுத்து தற்காலிக ஊழியனாகவே திரும்பி வந்து எலிகளுக்குத் தண்ணீர் வைத்தான். அன்றைக்கு மூன்று தடவைதான். ஒரு மாதத்தில் அது இரண்டானது. இப்போது சொந்தப் பெயரில், சொந்தக் குடலுக்கு, இலவசமாக மாத்திரை கிடைத்தது. மழைக்காலம் வருவதற்குள் ரத்தம் நின்றே போயிற்று. மாத்திரைதான் காரணம் என்றார் பேராசிரியர். ஃபைல் நின்றதுதான் காரணம் என்றாள் ப்ரீத்தி. குழம்பில் மிளகாயைக் குறைத்தது யார் என்று கேட்டாள் குப்பு. பஸ்ஸில் வடை வருவது நின்றுபோனதால் தர்மவான் நொடித்துவிட்டார் என்று புதுச்சத்திரத்தில் வருத்தப்பட்டார்கள்.

இரும்புக் கதவுக்கு ரப்பர் வைக்க விலைப்புள்ளி கேட்டிருந்தார்கள். அதற்குள் பச்சமுத்து பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிவிட்டான். மேசைமேல் இறுக்கமாகக் கட்டிவைத்த பைகளில், ஆட்டுவதற்கு யாரையும் அனுமதிக்காமல், ப்ரீத்தி மறுபடி சோதனை செய்தாள். அவள் கூண்டைத் தூக்கும்போது அவன் வெளியே போய்விடுவான். அடைத்த எலிகளின் குடல் சிவந்தது, சும்மா இருந்தவை தேறின. கதவுச் சத்தம் பற்றி ஒரு தனி அத்தியாயமே எழுதி 2011-இல் பட்டம் வாங்கினாள். அதற்கு மறுவாரம் பிளாஸ்டிக் குழாய்கள் வந்து சேர்ந்தன. மூன்றாவது கம்பெனியிலிருந்து.

அந்த வருஷக் கடைசியில் 'தானே' புயல் வந்து விலங்குக்கூடத்துத் தகரக் கூரையைச் சுருட்டிக்கொண்டு போயிற்று. கரண்ட் இல்லாத மூன்று வாரமும் பச்சமுத்து எலிக்கூண்டுகளைப் படிக்கட்டுக்கு அடியில் அடுக்கிக் காபந்து பண்ணினான். சோனாங்குப்பத்தில் அவன் வீட்டுக்கும் ஓடு பறந்திருந்தது. இத்தனைக்கும் வயிறு ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் குடலுக்குப் புயல் பயமில்லை, காகிதம்தான் பயம் என்பது அப்போது அவனுக்கே விளங்கிற்று.

2012 ஜூனில் அந்தக் காகிதம் வந்தது. நீண்ட நாள் தற்காலிகமாக இருப்பவர்களை மொத்தமாக நிரந்தரமாக்க நிர்வாகம் முடிவு செய்திருந்தது. குழாய் விட்டுப் பார்த்தார்கள். குடல் சுத்தமாக இருந்தது. தகுதி உண்டு என்று தட்சிணாமூர்த்தி எழுதிக் கையெழுத்துப் போட்டார். கலியமூர்த்தி ஆணையை நீட்டி, விரலால் தொட்டுக் காட்டினார்.

"இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. ரெண்டு கையெழுத்து."

பச்சமுத்து பேனாவை எடுத்துக்கொண்டு படித்தான். இரண்டாம் பத்தியில் ஒரு வரி: தகுதிகாண் பருவம் இரண்டு ஆண்டுகள். வயிற்றுக்குள் ஏதோ லேசாகப் புரண்டது.

"இது இன்னா சார்?"

"அது வழக்கமாப் போடறதுதான்யா. ரெண்டு வருஷம் பாப்பாங்க. நல்லபடியா இருந்தா தானா நிரந்தரமாயிடும்."

"நல்லபடியா இல்லன்னா?"

"பழையபடி தற்காலிகம்."

பச்சமுத்து யோசித்தான். தற்காலிகமாக இருப்பதில் அவனுக்கு ஏழு வருஷ அனுபவம் இருந்தது. அந்த வேலையில் அவனை மிஞ்ச சிதம்பரத்தில் ஆள் கிடையாது. உள்ளே புரண்டது அடங்கிவிட்டது.

"அவ்ளோதானா" என்று இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு எலிகளைப் பார்க்கப் போனான்.